பென்சிலைக் கண்டால் அழும் குழந்தைக்கு எழுத்து எப்படி வரும்?

நீங்கள் கேட்டது இது: மகளுக்கு நாலே கால் வயது, எல்.கே.ஜி. போகிறாள். தினமும் ‘அ’ ஒரு பக்கம், ‘ஆ’ ஒரு பக்கம் என்று வீட்டுப்பாடம். நோட்டைப் பிரித்தாலே அழுகை. “விளையாட விடு, தானா வந்துடும்” என்கிறார் உங்கள் அம்மா. “விளையாடிக்கிட்டே இருந்தா எழுத்து எப்படி வரும்?” என்கிறார் உங்கள் கணவர். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்.

இருபது வருடத்துக்கு மேல் மழலையர் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருந்தவள் நான். அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் அம்மா சொல்வது பாதி சரி. பேச்சு தானாக வரும். எழுத்து தானாக வராது. சுற்றிலும் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் குழந்தை பேசக் கற்றுக்கொள்ளும். எழுத்து அப்படியில்லை, யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் காட்டிக்கொடுக்க நோட்டும் பென்சிலும் மட்டும்தான் வழி என்று அவர் நினைத்தால், அங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். நாலு வயதில் அந்த வேலை பெரும்பாலும் மடியிலும் சமையலறையிலும் வாசல்படியிலும்தான் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அது தெரியாமல் ‘விளையாட விடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் பயனில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பால் கணக்கைத் தினசரி காலண்டரில் எழுதுவார்கள். பாக்கெட் வந்ததும் அந்த அம்மா தேதிக்குக் கீழே ‘2’ என்று குறிப்பார். மாதக் கடைசியில் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கூட்டுவார். மூன்றரை வயது மகள் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் காலையில் பார்த்தால், தேதிக்குக் கீழே கோழி கிளறியது மாதிரி நாலைந்து சுழிகள். “இது என்னடி?” என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: “இன்னைக்குப் பால் வரலைன்னு எழுதியிருக்கேன்.” அன்றைக்கு உண்மையிலேயே பால் வரவில்லை.

அந்தக் கிறுக்கலில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் நான் அதை எழுத்து என்றுதான் சொல்வேன். அவள் பால் பாக்கெட்டைப் படமாக வரையவில்லை. படம் வேறு, எழுத்து வேறு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல நினைத்த ஒன்றைக் கோட்டில் வைக்கலாம் என்று தெரிந்திருக்கிறது. இன்றைக்கு வைத்ததைப் பிறகு ஒருவர் எடுத்துப் பார்ப்பார் என்பதும், எங்கே வைத்தால் அம்மா பார்ப்பாள் என்பதும்கூடத் தெரிந்திருக்கிறது. இவற்றை யாரும் அவளுக்குப் பாடமாக நடத்தவில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே 1966-ல் செய்த ஆய்வில், பள்ளியில் பாடம் ஆரம்பிப்பதற்கு வெகு காலம் முன்பே குழந்தைக்குள் வாசிப்பும் எழுத்தும் முளைவிட ஆரம்பித்துவிடுகின்றன என்று விளக்கினார். அதற்கு முன்னால், குழந்தை ‘தயாராகும்’ வரை காத்திருந்து பிறகு எழுத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணமாக இருந்தது. கிளே அந்த எண்ணத்தை அசைத்தார். பால் கணக்குக் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இது தெரியாத குழந்தைக்கு ‘அ’ என்பது வெறும் வளைகோடு. எதற்காக என்றே தெரியாமல் அதை அறுபது தடவை போடச் சொன்னால் அழத்தான் செய்யும்.

சரி, அடுத்த படி. எழுத்து எதைக் குறிக்கிறது? பொருளையா, சத்தத்தையா? நமக்கு இது கேள்வியாகவே தோன்றாது. குழந்தைக்கு இது பெரிய புதிர். இரண்டு அட்டையில் ‘யானை’ என்றும் ‘எறும்பு’ என்றும் எழுதி, படிக்கத் தெரியாத நாலு வயதுக் குழந்தையிடம் “இதுல யானை எது?” என்று கேட்டுப் பாருங்கள். நான் வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். பல பிள்ளைகள் தயங்காமல் ‘எறும்பு’ அட்டையைத்தான் தொடுவார்கள். ஏன் என்றால், “யானை பெருசுல்ல மிஸ், அதான் நிறைய எழுதியிருக்கு.” எவ்வளவு அழகான தர்க்கம்! யானைக்கு இரண்டே எழுத்து, எறும்புக்கு நாலு எழுத்து என்பது அவர்களுக்கு அநியாயமாகப் படும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியா ஃபெரேரோவும் ஆனா டெபரோஸ்கியும் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளிடம் இதே போன்ற நினைப்பைப் பார்த்து 1979-ல் எழுதினார்கள். எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று குழந்தை தானே ஒரு கொள்கை வைத்துக்கொள்கிறது, அது பொருந்தாதபோது மாற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது.

அந்தக் கொள்கை உடைவது சத்தத்தில்தான். யா-னை என்று இரண்டு தடவை கை தட்டுங்கள். எ-றும்-பு என்று மூன்று தடவை. “எதுக்கு அதிகம் தட்டினோம்?” கொஞ்ச நாள் இப்படி விளையாடிய பிறகு, ஒரு நாள் அட்டையைப் பார்த்துவிட்டு வாய்க்குள் முணுமுணுத்து, ‘யானை’யைச் சரியாக எடுத்துவிடும். எடுத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தேன் என்று தோன்றும்.

ஆகவே வீட்டில் முதலில் செய்ய வேண்டியது காதுக்கான விளையாட்டு. நம் மொழியில் இதற்குப் பஞ்சமே கிடையாது. குழந்தையைத் தொட்டிலில் ஆட்டும்போதும், கையை வீசிச் சாய்ந்தாட வைக்கும்போதும் பாட்டிகள் பாடுவதெல்லாம் எதுகையும் மோனையும்தான். “ஓடுற நரியில ஒரு நரி கிழநரி” மாதிரி நாக்கைப் புரட்டும் வரிகள், விடுகதைகள், ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டம், இவை எல்லாமே சொல்லுக்குள் இருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழக்குகின்றன. பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் இருவரும் நானூறுக்கும் மேற்பட்ட நாலைந்து வயதுக் குழந்தைகளை நாலு வருடம் பின்தொடர்ந்தார்கள். படிக்கத் தெரியாத வயதில் எதுகை, மோனையைக் காதால் பிடித்த குழந்தைகள் பிற்பாடு வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னால் நின்றார்கள் என்று 1983-ல் வெளியிட்டார்கள். “பட்டு, சிட்டு, மொட்டு… அப்புறம்?” என்று நீங்கள் கேட்டு, அவள் “குட்டு!” என்று சொல்லிச் சிரித்தால், அன்றைய தமிழ்ப் பாடம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். “டுட்டு” என்று பொருளே இல்லாமல் சொன்னாலும் சரிதான். அவளுக்குச் சத்தம் பிடிபட்டுவிட்டது.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, புள்ளி வைத்த எழுத்து. எறும்புக்கு மூன்று தட்டு என்றேன். ஆனால் எழுத்து நாலு. அந்த ‘ம்’ தனியாகத் தட்டு வாங்காமல் ‘று’வின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது. அதனால்தான் சொந்தமாக எழுத ஆரம்பிக்கும் பிள்ளைகள் அம்மாவை ‘அமா’ என்றும் பாட்டியைப் ‘பாடி’ என்றும் எழுதுகிறார்கள். இதைப் பார்த்ததும் சிவப்பு மையை எடுக்காதீர்கள். ‘அமா’ என்று எழுதும் குழந்தை, சொல்லைச் சத்தமாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்தைத் தேடிப் போட்டிருக்கிறது. அது கவனக்குறைவே அல்ல. அமெரிக்காவில் சார்லஸ் ரீட் 1970-களின் தொடக்கத்தில் பள்ளி செல்லாத சிறு பிள்ளைகள் தாங்களாகவே எழுதியதைச் சேகரித்துப் பார்த்தார். தப்பும் தவறுமாகத் தெரிந்ததெல்லாம் காதுக்குக் கேட்டபடி ஓர் ஒழுங்கில் எழுதப்பட்டவை என்று காட்டினார். நம் பிள்ளைகள் புள்ளி எழுத்தை விடுவதும் அப்படி ஓர் ஒழுங்கான தவறுதான்.

இதற்கு மருந்தும் தெருவிலேயே இருக்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் புரியாமல் இருக்கட்டும் என்று ‘க’ பாஷை பேசுவார்களே, கேட்டிருப்பீர்கள். “நான் வரேன்” என்பதை “கநா கன் கவ கரே கன்” என்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு க. கவனியுங்கள், அங்கே ‘ன்’ தனியாக வந்து நிற்கிறது! கை தட்டும்போது ஒளிந்துகொண்ட மெய்யெழுத்து இங்கே தனி ஆளாக வெளியே வந்துவிடுகிறது. வகுப்பில் சரளமாக ‘க’ பாஷை பேசும் பிள்ளை புள்ளி எழுத்தை விட்டு எழுதி நான் பார்த்ததில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் வயதாகவில்லை. ஆனால் வீட்டில் அக்கா, அண்ணன் முறையில் யாராவது பேசினால் அவளை அங்கேயே உட்கார விடுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன், ஆனால் இதை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. நம் வீட்டில் பேசும் தமிழும் புத்தகத்தில் இருக்கும் தமிழும் ஒன்றல்ல. குழந்தை கேட்டு வளர்ந்தது ‘வாழப்பழம்’, ‘தண்ணி’, ‘வந்தாங்க’, ‘அவனோட’. பாடப்புத்தகத்தில் இருப்பது ‘வாழைப்பழம்’, ‘தண்ணீர்’, ‘வந்தார்கள்’, ‘அவனுடைய’. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி ‘வந்-தார்-கள்’ என்று படித்துவிட்டு விழிக்கும்போது, எழுத்து தெரியாததால் விழிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். எழுத்து அதற்குத் தெரியும். அந்தச் சொல்லைத்தான் வாழ்க்கையில் காதால் கேட்டதில்லை. எல்லா எழுத்தும் தெரிந்தும் வாசிப்பு ஓடாத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலருக்குக் குறை கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. காதில் எழுத்துத் தமிழ் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் வாய்விட்டுக் கதை வாசியுங்கள். கதை சொல்வது வேறு, வாசிப்பது வேறு, இரண்டும் வேண்டும். சொல்லும்போது “ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்” என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள். வாசிக்கும்போது புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள்: “ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது.” புரியாது என்று பயந்து வரிக்கு வரி பேச்சுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். ஒரு தரம் வாசித்துவிட்டு, படத்தைக் காட்டி உங்கள் பேச்சில் பேசுங்கள், மறுபடி வாசியுங்கள். பத்து நாளில் பாருங்கள், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி “நரி சொன்னது, நான் வர மாட்டேன்” என்று அவளே ‘வாசிப்பாள்’. அந்தச் ‘சொன்னது’ அவள் வீட்டுப் பேச்சில் கிடையாது, உங்கள் வாசிப்பிலிருந்து வந்தது.

வாசிக்கும் விதத்துக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவும் 1988-ல் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாப் பெற்றோரும் குழந்தைகளுக்கு வாசித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு தெளிவாக முன்னேறியிருந்தது. செய்வது சுலபம். “இது என்ன?” என்று பெயர் மட்டும் கேட்காமல், “அது ஏன் மரத்துக்குப் பின்னால ஒளியுது?” என்று கேளுங்கள். அவள் “பயம்” என்று ஒரு சொல் சொன்னால், “ஆமா, சிங்கம் வந்துடுமோன்னு பயம். உனக்கு எதைப் பார்த்தா பயம்?” என்று நீட்டுங்கள். கதை அன்றைக்கு முடியாமல் போகலாம், போகட்டும்.

செல்போனில் கதை ஓடவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசும் ஆட்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு அமர்வுகள் பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதே ஆட்கள் பேசியதை வீடியோவில் அதே அளவு பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் பிடிபடவில்லை. உங்கள் மகள் ஒன்பது மாதக் குழந்தை இல்லைதான், வீடியோவிலிருந்து சொற்களைப் பொறுக்குவாள். ஆனால் அவள் “பயம்” என்றால் “எதைப் பார்த்து?” என்று அந்தப் போன் திருப்பிக் கேட்காது.

அப்புறம் விளையாட்டு. விளையாட்டு என்றால் எழுத்துப் பொம்மை, அட்டை, அடுக்குக் கட்டை என்று கடையில் வாங்குவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். சொப்பு வைத்து மண்ணில் சோறு பொங்குகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். மண் சோறாகிறது, வேப்பிலை பொரியலாகிறது, தென்னை மட்டை பஸ்ஸாகிறது. ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கும் என்று ஒப்புக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதை எழுத்தின் முன்வரலாறு என்றே பார்த்தார். குச்சி குதிரையாக நிற்க முடியுமானால், ஒரு கோடு ‘மா’ என்ற சத்தத்துக்காகவும் நிற்க முடியும். மண்ணைச் சோறு என்று நம்பி ஊட்டுகிற குழந்தை அந்த வேலையைத்தான் பழகிக்கொண்டிருக்கிறது.

அந்த விளையாட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதமும் கட்டைப் பென்சிலும் போய்ச் சேர்ந்தால் போதும். கடை வைத்து விளையாடினால் புளியங்கொட்டை காசு, பழைய காலண்டர் தாள் பில். டாக்டர் விளையாட்டில் மருந்துச் சீட்டு. பஸ் விளையாட்டில் டிக்கெட். எங்கள் வகுப்பில் ஒரு பையன், நோட்டைக் கொடுத்தால் மேஜைக்கு அடியில் போய்விடுவான். கண்டக்டர் ஆக்கிவிட்டோம். அரை மணி நேரத்தில் முப்பது டிக்கெட் ‘எழுதி’க் கிழித்தான். ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னச் சுழிகள். ஒரு வாரம் கழித்து அதில் ஒரு ‘5’ எட்டிப் பார்த்தது, ஐந்து ரூபாய் டிக்கெட்டாம். அப்புறம் அவன் பெயரின் முதல் எழுத்து வந்தது, கண்டக்டர் கையெழுத்தாம். யாரும் எழுதச் சொல்லவில்லை, டிக்கெட்டுக்குக் கையெழுத்து தேவைப்பட்டது. ஒன்று மட்டும் கவனம். இந்த விளையாட்டில் நீங்கள் பயணியாக ஏறுங்கள், டீச்சராக ஏறாதீர்கள். “அது என்ன எழுத்து, ஒழுங்கா எழுது” என்று நடுவில் திருத்தினால் பஸ் அங்கேயே நின்றுவிடும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் பிடிபடும் எழுத்து அவர்களுடைய பெயரில் இருப்பதுதான். பெயர் எங்கே எழுதப்படுகிறதோ அங்கெல்லாம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், செருப்பின் உள்பக்கம், பிறந்தநாள் கேக். எழுதும்போது வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.

தெருவில் இருக்கும் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துப் பெயர் சொல்கிறாள், கடை போர்டைப் பார்த்துச் சொல்கிறாள், அப்படியானால் படிக்கத் தெரிந்துவிட்டது என்று சிலர் பூரிப்பார்கள். 1984-ல் அமெரிக்காவில் பெப்சியின் சின்னத்தில் முதல் எழுத்தை மட்டும் மாற்றிச் சிறு பிள்ளைகளிடம் காட்டினார்கள். பெரும்பாலோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை, ‘பெப்சி’ என்றே சொன்னார்கள். அவர்கள் படித்தது நிறத்தையும் வடிவத்தையும்தான். எனவே சுற்றிலும் எழுத்து இருப்பதால் மட்டும் பயனில்லை, விரல் வைத்துக் காட்டும் ஆள் வேண்டும். மளிகைக் கடையில் “இதோ, ‘உப்பு’ன்னு போட்டிருக்கு பார், உ… ப்… பு” என்று விரலை ஓட்டுங்கள். கதைப் புத்தகத்திலும் அப்படித்தான். குழந்தையின் கண் படத்தில்தான் இருக்கும், எழுத்துப் பக்கம் தானாகப் போகவே போகாது. பக்கத்துக்கு ஒரு தடவை விரல் போனால் போதும். வரிக்கு வரி விரலை இழுத்தால் கதை செத்துவிடும்.

கைக்கு வருவோம், உங்கள் பிரச்சினை தொடங்கியதே அங்கேதான். கையால் எழுதுவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைச் சொந்தக் கையால் எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேலேயே வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டது, சொந்தக் கையால் கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். புள்ளிக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டிப் பக்கத்தை நிரப்புவதைவிட, தானே யோசித்துக் கோணலாக ஒரு ‘அ’ போடுவது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தானே போட நோட்டு எதற்கு? தரையில் போடட்டும். விஜயதசமியன்று பச்சரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கிறோமே, அதை அந்த ஒரு நாளோடு ஏன் நிறுத்துகிறோம்? நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் எழுதினார்கள். 1790-களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் எழுதி வெளியிட, அங்கே பள்ளிகளிலும் மணல் தட்டு வந்தது. நம்மிடமிருந்து கடல் கடந்து போன முறையை நாம் மறந்துவிட்டு, மூன்று வயதில் நாலு கோடு நோட்டைக் கொடுக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மணலில் தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு, போயிற்று. நோட்டில் தப்பு அழிந்தாலும் தடம் இருக்கும், தாளும் கிழியும்.

விரல்களுக்கு வலு வருவது தனிக்கதை. பூண்டு உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவில் பாம்பு உருட்டுவது, எல்லாமே பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான பயிற்சி. காலையில் கோலம் போடும்போது அவளுக்கும் ஒரு சிட்டிகை மாவு கொடுங்கள். புள்ளியைச் சுற்றி வளைத்துக்கொண்டு வரும் அந்தக் கைத்திருப்பம்தான் ‘அ’வின் சுழியிலும் ‘ஞ’விலும் ‘ஐ’யிலும் வேண்டியிருக்கிறது. நேர்க்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’, அவற்றோடு ஒரு வளைவு சேர்ந்த ‘ம’ கைக்குச் சுலபம், ‘அ’ நிஜமாகவே கடினமான எழுத்து. அகரவரிசையில் முதலில் இருப்பதால் கையும் அதில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

தமிழ் எழுத்து முழுக்கக் கைக்கு வரக் காலம் பிடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 247 எழுத்து. எழுதும் விதமும் ஒரே சீராக இருக்காது. ‘கு, சு, டு, து’வுக்கு உகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. ‘கே’யில் கொம்பு முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும். ‘கோ’வில் இரண்டு பக்கமும் நிற்கும். சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இது போன்ற எழுத்துமுறையில் எல்லா எழுத்தும் வசப்பட நாலாம் வகுப்பும் அதற்கு மேலும் ஆகும் என்று 2007-ல் எழுதினார். எல்.கே.ஜி.யில் முடித்துவிட வேண்டிய வேலை இல்லை இது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் செபாஸ்டியன் சுகேட் ஒப்பிட்டபோது, பதினொரு வயது வாக்கில் இருவருக்கும் வாசிப்பில் வித்தியாசம் இல்லை.

பள்ளியை என்ன செய்வது? சண்டை போடாதீர்கள். அந்த டீச்சருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். நேரில் போய், “ஒரு பக்கத்துக்குப் பதிலா ரெண்டு வரி எழுதட்டும் மிஸ், மீதியை மணல்ல எழுத வைக்கிறேன்” என்று கேளுங்கள். 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமே மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டை மையமாக வைக்கச் சொல்கிறது என்பதையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான டீச்சர்கள் ஒப்புக்கொள்வார்கள். இல்லையென்றால் மாலையில் பத்தே நிமிடம், ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவள். அழ ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எழுத்தும் அழுகையும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டால், பிரித்தெடுக்க ஒன்றாம் வகுப்பு டீச்சர் ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கும். அந்த டீச்சராக நானே இருந்திருக்கிறேன்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடுவது ஆறேழு வயது வரை சாதாரணம், அதை விட்டுவிடுங்கள். நாலு வயதாகியும் வாக்கியமாகப் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, வெளியாட்களுக்குப் பேச்சு புரியவே இல்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருக்கும் குழந்தைகளுக்குச் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும். ஒன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கவே முடியவில்லை, வீட்டில் வேறு யாருக்காவது அப்படி இருந்தது என்றால், காத்திருக்காமல் அதற்கான நிபுணரைப் பாருங்கள்.

உங்கள் மகளிடம் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: “நோட்டில் எழுத மாட்டாள், ஆனால் கீழ்வீட்டு ஆயாவுக்குக் கடுதாசி என்று எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பாள்.” அந்தத் தாளைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்றைக்கு அதை எடுத்து, என்ன எழுதியிருக்கிறாய் என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதைச் சொன்னபடியே கீழே உங்கள் கையால் எழுதி, மெதுவாக விரல் ஓட்டி ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் தேதி போட்டு, மடித்து, அவள் கையிலேயே கொடுத்துக் கீழே அனுப்புங்கள். ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பதில் போட வேண்டும் என்று.